படுவான்கரைப் பாதைகளில் மூன்று பெல்கள்: நெடுநாள் பாவனை அனுபவம்

மட்டக்களப்பில், அதுவும் வாவிக்கு மேற்கே இருக்கும் படுவான்கரையில், மவுண்டன் சைக்கிள் ஓடுகிறவர்களுக்கு மலை கிடைப்பது குறைவு. கிடைப்பதெல்லாம் குளக்கட்டு, வாய்க்கால் கரை, வட்டைக்குள், அதாவது வயல்வெளிக்குள், இறங்கும் கிறவல் ரோட். குடும்பிமலைப் பக்கம் போனால் கல்லும் வேருமாகக் காட்டு வழி. இவற்றில் ஒன்றுகூட சைக்கிளுக்கென்று போட்டதில்லை. விறகுக்குப் போகும் அக்காமார், மாட்டுப்பட்டி, லான்ட்மாஸ்டர் உழவு மெசின், வீச்சுவலையோடு நிற்கும் அண்ணன்மார், வாய்க்காலில் குளிக்க வந்த குடும்பங்கள் என்று எல்லாருக்கும் பொதுவான வழி அது. அகன்ற ரயர் மண்ணில் உருளும்போது சத்தமே வராது. பின்னால் சைக்கிள் வருவது முன்னே நடப்பவருக்குத் தெரிய ஒரே வழி பெல்தான்.

ஆனால் மவுண்டன் சைக்கிள் வாங்கும் பொடியன்மார் முதலில் கழற்றிப் போடுவது அதைத்தான். பாரமாம், வடிவில்லையாம். எனக்கு இதில் உடன்பாடே இல்லை. சில வருடங்களாக மூன்று வகைப் பெல்களை மாற்றி மாற்றிப் பாவித்திருக்கிறேன்.

முதலாவது, அப்பாமாருடைய சைக்கிளில் இருந்த அதே பெரிய கிண்ணப் பெல். பெருவிரலால் நெம்பைத் தள்ளினால் உள்ளே பற்சக்கரம் சுழன்று, தளர்வாகக் கோத்த இரும்பு வளையங்கள் கிண்ணத்தில் மோதி 'ட்ரிங் ட்ரிங்' என்று அடிக்கும். இரண்டாவது, சுருள்கம்பியில் சின்னச் சுத்தியல் வைத்த பித்தளைப் பெல். ஒரு தட்டுக்கு ஒரு 'டிங்'. மூன்றாவதை வெளிநாடுகளில் ட்ரெயில் பெல் என்கிறார்கள். கோயில் மணி போல உள்ளே நாக்கு தொங்கும். பாதை குலுக்கக் குலுக்க அது தானாக அடித்துக்கொண்டே வரும். வேண்டாதபோது ஒரு சின்ன நெம்பை இழுத்து நாக்கைப் பூட்டிவிடலாம். நடப்பவர்களும் குதிரைகளும் சைக்கிள்களும் ஒரே ஒற்றையடிப் பாதையில் போகும் மலைநாடுகளுக்காக வந்த யோசனை இது. இறக்கத்தில் இரண்டு கையும் பிறேக்கில் இருக்கும், பெல் அடிக்க விரல் மிஞ்சாது. 1988இல் தொடங்கிய சர்வதேச மவுண்டன் பைசிக்கிளிங் சங்கத்தின் பாதை விதிகளும் இதே சூழலுக்காக எழுதப்பட்டவைதான்: சைக்கிள்காரர் மற்ற எல்லாருக்கும் வழிவிட வேண்டும், இறங்குகிறவர் ஏறுகிறவருக்கு விட வேண்டும், மிருகங்களை வெருட்டக் கூடாது.

ட்ரெயில் பெல்லைப் பூட்டிய புதிதில் மிகவும் பிடித்துப்போனது. குடும்பிமலைப் பக்கத்துக் கல் வழியில் அதற்கு இணை இல்லை. வளைவுக்கு அந்தப் பக்கம் ஆள் நின்றால், நான் தெரிவதற்கு முன்பே என் சத்தம் போய்ச் சேர்ந்துவிடும். கை பிறேக்கை விட வேண்டியதில்லை, கண் பாதையை விட வேண்டியதில்லை.

அதே பெல்லோடு உன்னிச்சைக் குளக்கட்டில் போனபோதுதான் விசயம் வேறு என்று புரிந்தது. முன்னால் போனவர் திரும்பவே இல்லை. பின்னுக்கு ஊர்ந்து போய்க் குரல் கொடுத்ததும்தான் ஒதுங்கினார். "மாடு வருதெண்டு நினைச்சன் தம்பி" என்றார். அவர் சொன்னது முழுக்க நியாயம். எங்கள் பக்கம் விட்டுவிட்டுக் கிணுங்கிக்கொண்டு வரும் சத்தம் என்றால் அது கழுத்து மணி கட்டிய மாடு. மாட்டுக்கு யாரும் பதறி விலகுவதில்லை, அது தன்பாட்டில் சுற்றிப் போகும் என்று தெரியும். கலிபோர்னியாவில் 'சைக்கிள் வருகிறது' என்று கேட்கும் ஒலி, படுவான்கரையில் 'மாடு வருகிறது' என்று கேட்கிறது.

ஊர்மனைக்குள் இன்னும் மோசம். மணி கிணுங்கினால் பிள்ளைகளுக்கு அது ஐஸ்பழக்காரர். ஒதுங்குவதற்குப் பதிலாக வேலிக்குள்ளிருந்து ரோட்டுக்கே ஓடி வருவார்கள். இது சிரித்துவிட்டுப் போகிற காரியம் இல்லை, ஆபத்து. வீடுகள் தெரியத் தொடங்கியதும் நாக்கைப் பூட்டிவிடுவதை ட்ரெயில் பெல் வைத்திருக்கும் எல்லாரும் கட்டாயப் பழக்கமாக்க வேண்டும்.

பித்தளைப் பெல் நல்ல இனிமை. ஒரு தட்டுக்கு நீளமாக இழுத்து ஒலிக்கும். மாலையில் பழைய கல்லடிப் பாலத்தில் நடக்க வருகிறவர்களுக்கு இதுவே பொருத்தம். 1924இல் கட்டிய ஒடுக்கமான பாலம் அது. 2013இல் பக்கத்தில் புதிய பாலம் திறந்த பிறகு, ஆறுதலாக நடப்பவர்களும் தூண்டில் போடுகிறவர்களும்தான் அங்கே அதிகம். 'டிங்' என்று ஒன்று போதும், யாருக்கும் கோபம் வராது. ஆனால் வயதானவர்களுக்கு அது சரியாகக் கேட்பதில்லை. கிண்ணம் சின்னதானால் சுருதி ஏறும், வயது போகப் போகக் காதில் முதலில் குறைவது அந்த உச்சச் சுருதிகள்தான். வட்டைக்குள் நடந்து போகிறவர்களில் பாதிப்பேர் அப்புமாரும் ஆச்சிமாரும். அவர்களுக்குப் பெரிய கிண்ணத்தின் தடித்த 'ட்ரிங்'தான் காதில் ஏறுகிறது. அதோடு, அந்தச் சத்தத்துக்கு இங்கே ஒரே அர்த்தம்தான் உண்டு. சைக்கிள்.

காற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். கச்சான் என்கிற மேல்காற்று வீசும் மாதங்களில் வவுணதீவு தாண்டி ஆயித்தியமலை நோக்கி மேற்கே ஓடினால் பெல் பாதித் தூரம்கூடப் போகாது. காற்று தரையோடு மெதுவாகவும் மேலே வேகமாகவும் வீசுவதால், எதிர்க்காற்றில் சத்தம் மேல்நோக்கி வளைந்து, முன்னால் நடப்பவரின் தலைக்கு மேலாலே போய்விடும். திரும்பி வரும்போது அதே பெல் நன்றாக முன்னுக்குப் போய்க் கேட்கும். ஆகவே போகும்போது பெல்லை நம்பாமல் வேகத்தைக் குறைப்பதுதான் வழி.

எங்கே அடிப்பது என்பது, எந்தப் பெல் என்பதைவிடப் பெரிய விசயம். தலையில் விறகுக்கட்டோடு போகிறவரால் கழுத்தைத் திருப்ப முடியாது. கிட்டப் போய் அடித்தால் திடுக்கிட்டு, பாரம் ஒரு பக்கம் சரியும். "தூரத்திலயே அடி மனே, கிட்ட வந்து அடிச்சா நெஞ்சு பதறுது" என்று கரடியனாற்றுப் பக்கம் ஓர் ஆச்சி சொன்னது, நான் படித்த எந்தப் பாதை விதியையும்விடத் தெளிவானது. தூரத்தில் ஒருமுறை, அவர் நின்றதும் மெதுவாக ஒரு 'போறன் ஆச்சி'. அவ்வளவே. பாதை ஒடுக்கமென்றால் இறங்கி உருட்டுவேன்.

வாய்க்கால் கரையில் குளிக்கும் இடங்கள் வரும். அங்கே பெல் வழி கேட்பதற்கு இல்லை, ஆள் வருகிறது என்று சொல்வதற்கு. பெண்கள் குளிக்கும் துறை என்றால் வளைவுக்கு நன்றாக முன்பே அடித்து, கொஞ்சம் தாமதித்துத்தான் போக வேண்டும். மாட்டுப்பட்டிக்கும் தூரத்திலிருந்தே அடித்தால் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு நகரும். கன்றோடு நிற்கும் எருமைக்குக் கிட்ட நின்று அடிக்கவே கூடாது. வாவிக்கரையில் வலை வீசுகிறவர் கையை ஓங்கும் நேரமும் அப்படித்தான், வலை விழும்வரை பொறுத்திருக்கலாம்.

யானையைப் பற்றிக் கேட்காத ஆளில்லை. பெல் யானையைத் துரத்தும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். யானைவெடிக்கே பழகிப்போன யானைகள் அவை. உன்னிச்சை, புல்லுமலைப் பக்கம் போனால் வெயில் நன்றாக ஏறிய பிறகு புறப்பட்டு, பொழுது சாய முன்பே ஊர் திரும்பிவிட வேண்டும். புது லத்தியோ முறிந்த கொப்போ கண்டால் நான் ட்ரெயில் பெல்லைப் பூட்டிவிடுவேன். அந்த இடத்தில் சத்தம் கொடுப்பதைவிடக் காது கொடுப்பது முக்கியம். கொப்பு முறியும் ஓசை, காது அசையும் ஓசை எல்லாம் நம்முடைய கிணுகிணுப்புக்குள் அமுங்கிவிடக் கூடாது.

ஆடியில் பானமையிலிருந்து உகந்தை முருகன் கோயிலுக்குப் போகும் மண் வழியிலும், செப்டெம்பரில் ஆயித்தியமலை மாதா கோயில் திருவிழாவுக்கு மக்கள் நடக்கும் வீதியிலும் பெல்லைத் தொடுவதே இல்லை. வெறுங்காலோடு, நேர்த்திக்கு நடக்கிற சனம். அவர்களுக்குப் பின்னால் பெல் அடித்து வழி கேட்கும் உரிமை யாருக்கும் கிடையாது. உருட்டிக்கொண்டு கூட நடக்கலாம், இல்லையென்றால் வேறு நாள் போகலாம்.

உழைப்பு எப்படி என்றால், கடற்காற்றும் மாரி மழையும் பெல்லை நன்றாகச் சோதிக்கும். பித்தளைக் கிண்ணம் பச்சை பிடிக்கும், புளி போட்டுத் தேய்த்தால் போய்விடும். அதன் சுருள்கம்பிதான் துருப்பிடித்து முதலில் தளர்ந்தது. ட்ரெயில் பெல்லின் ரப்பர் பட்டி வெயிலில் வெடித்தது. இப்போது பழைய ரியூப்பில் வெட்டிய துண்டு கட்டியிருக்கிறேன், அசையவில்லை. பெரிய கிண்ணப் பெல்லுக்குள் மாரியில் சேறு போய்ப் பற்சக்கரம் இறுகும். மூடியைத் திருகிக் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, ஒரு சொட்டுத் தையல் மெசின் எண்ணெய் விட்டால் திரும்பவும் பாடும். கிறீஸ் பூசக் கூடாது, புழுதியை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். கிண்ணத்தில் பிறேக் வயர் முட்டாமலும் பார்க்க வேண்டும், முட்டினால் 'டொக்' என்று செத்த சத்தம்தான்.

இப்போது என் ஹாண்டிலில் இரண்டு இருக்கின்றன. இடது பிறேக்குக்குப் பக்கத்தில் பெருவிரல் எட்டும் இடத்தில் பெரிய கிண்ணம், நடுவில் நாக்குப் பூட்டிய ட்ரெயில் பெல். பித்தளை தங்கச்சியின் சைக்கிளுக்குப் போய்விட்டது. வாங்கப் போகிறவர்கள் ஹாண்டில் தடிப்பை அளந்துகொண்டு போங்கள்: பிடி பக்கம் 22.2 மில்லிமீற்றர், நடுவில் பெரும்பாலும் 31.8. பழைய கிண்ணப் பெல்லின் பட்டி மெல்லிய இடத்துக்குத்தான் பொருந்தும், நடுவில் இறுக்கினால் பட்டி பிளந்துவிடும்.