விடுமுறை முகாம் வேலை: கொழும்பா, அறுகம்பையா, அமெரிக்காவா?

உயர்தரப் பரீட்சை முடிந்த வாரத்திலிருந்தே எனக்குத் தொலைபேசி அழைப்புகள் வரத் தொடங்கிவிடும். வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, தெமட்டகொடை என்று எங்கள் பக்கத்துப் பிள்ளைகள்தான். "அக்கா, பெறுபேறு வரும்வரை வீட்டில் சும்மா இருக்க ஏலாது. முகாம் வேலைக்குப் போகலாமா? எங்கே போனால் நல்லது?" பத்து வருடமாக விடுமுறை முகாம்களில் நீச்சலும் முதலுதவியும் சொல்லிக்கொடுக்கிறேன் என்பதால் என்னைக் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொன்னதை இங்கே சேர்த்து எழுதுகிறேன்.

பிள்ளைகள் முதலில் கேட்பது சம்பளத்தை. அம்மாமார் பின்னாலிருந்து கேட்பது, "இரவு தங்க வேண்டுமா?" இரண்டும் நியாயமான கேள்விகள். அவற்றுக்கு முன் வேறொன்றைக் கேட்கச் சொல்வேன்: முதல் பிள்ளை வாசலுக்கு வருமுன் உங்களுக்கு எத்தனை நாள் பயிற்சி தருவார்கள்? சம்பளத்தால் அளந்தால் ஒரு வரிசை வரும். இந்தக் கேள்வியால் அளந்தால் வேறொரு வரிசை வரும். நான் நம்புவது இரண்டாவதை.

கொழும்பின் பகல் முகாம்கள்

ஏப்ரல், ஓகஸ்ட், டிசம்பர் ஆகிய மூன்று தவணை விடுமுறைகளிலும் நகரெங்கும் பகல் முகாம்கள் முளைக்கும். நீச்சல் தடாகம், பாடசாலை மைதானம், நாடகப் பட்டறை என்று இடத்துக்கு ஒரு வகை. பெத்தகான, தியசரு பூங்காக்களுக்குப் பறவை பார்க்கப் பிள்ளைகளை அழைத்துப்போவோரும் உண்டு. ஈரநிலங்களைக் காக்கும் ராம்சார் சர்வதேச உடன்படிக்கையின் கீழ் 2018இல் ஈரநில நகரம் என்று அங்கீகாரம் பெற்ற ஊர் இது. பிள்ளைகளுக்கு இயற்கையைக் காட்ட நாம் மலையேறிப் போக வேண்டியதில்லை.

சம்பளம் நாளுக்கு இவ்வளவு என்று பேசிக் கையில் தருவதுதான் வழக்கம். 2026 ஜனவரி முதல் தேசிய குறைந்தபட்ச நாட்சம்பளம் 1,200 ரூபாய். "அனுபவம் கிடைக்கும்தானே" என்று சொல்லி அதற்குக் கீழே தருகிறவரிடம் போகாதீர்கள். நாட்சம்பளக்காரருக்கும் ஊழியர் சேமலாப நிதி உண்டு: உங்கள் பங்கு 8 சதவீதம், முதலாளியின் பங்கு 12 சதவீதம். இரண்டு வார வேலைக்கு அதைக் கட்டிய முகாம்களை நான் அதிகம் கண்டதில்லை. ஆனாலும் கேளுங்கள். கேட்டவுடன் எதிரில் இருப்பவர் எப்படிப் பதில் சொல்கிறார் என்பதிலேயே அந்த இடத்தைப் பற்றிப் பாதி தெரிந்துவிடும்.

பயிற்சி பெரும்பாலும் இல்லை. என் முதல் முகாமில் காலை எட்டு மணிக்கு ஒரு ரீசேர்ட், ஒரு விசில், 14 பெயர்கள் எழுதிய தாள் ஆகியவற்றைக் கையில் தந்தார்கள். எட்டரைக்குப் பிள்ளைகள் வந்துவிட்டார்கள். பதினொரு மணியளவில் தடாகக் கரையில் உட்கார்ந்திருந்த ஒரு சிறுவன் என் ரீசேர்ட்டின் நுனியைப் பிடித்து இழுத்தான். "அக்கா, மூச்சு எடுக்க ஏலாமல் இருக்கிறது." ஒவ்வொரு மூச்சுக்கும் கழுத்தடிக் குழி உள்ளே போய் வந்தது. உதடு வெளிறியிருந்தது. இன்ஹேலர் அவனுடைய பையில்தான் இருந்தது. பையோ அவனை இறக்கிவிட்டுத் தெகிவளைக்குத் திரும்பிப் போய்விட்ட வான் வண்டியில் இருந்தது. தாளில் பெயரும் வயதும் மட்டுமே. நோய் விவரம் எழுத இடமே இல்லை. அவனுடைய அம்மா முச்சக்கர வண்டியில் மருந்தோடு வந்துசேரும்வரை நிமிர்த்தி உட்காரவைத்து முதுகைத் தாங்கிக்கொண்டிருந்தேன். 1990ஐ அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும் என்பதுகூட அந்த நேரத்தில் என் நினைவுக்கு வரவில்லை. யாரும் எனக்கு அதை ஒருமுறை சொல்லிப் பழக்கியிருக்கவில்லை.

அவன் பிழைத்துக்கொண்டான். பிறகு அவனிடம், "ஏன் முதலிலேயே சொல்லவில்லை?" என்று கேட்டேன். மற்ற அண்ணாமார் எல்லோரும் ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் பேசினார்களாம். நான் தொலைபேசியில் அம்மாவோடு தமிழில் பேசியதைக் கேட்டுத்தான் என்னிடம் வந்தானாம்.

இதனால்தான் கொழும்பு முகாம்களை நான் தள்ளிவிடுவதில்லை. அங்கே தமிழ் பேசும் பயிற்றுநர் குறைவு. தமிழ்மொழிமூலப் பிள்ளைகள் குறைவில்லை. மூன்று மொழியும் ஓரளவு பேசத் தெரிந்தால் உங்களுக்குக் கேட்கும் உரிமை இருக்கிறது. சேருமுன் நான்கு விஷயம் கேளுங்கள். பிள்ளைகளின் மருத்துவக் குறிப்பு எழுத்தில் இருக்கிறதா? ஒரு பயிற்றுநருக்கு எத்தனை பிள்ளைகள்? தண்ணீருக்குப் பக்கத்தில் உயிர்காப்புச் சான்றிதழ் உள்ளவர் நிற்பாரா? ஏப்ரல் பிற்பகலில் இடி முழங்கினால் மைதானத்தில் இருக்கும் பிள்ளைகளை எந்தக் கட்டடத்துக்குள் கொண்டுபோவார்கள்? கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்லத் தடுமாறியவர்கள் பலர். பொலிஸ் நற்சான்றிதழ் கொண்டுவரச் சொல்லும் முகாம் என்றால் அலுத்துக்கொள்ளாமல் வாங்கிக் கொடுங்கள்; அவர்கள் உங்களிடம் கேட்பது பிள்ளைகளுக்காக. முகாமில் ஒரு பிள்ளைக்கு யாராவது தீங்கு செய்வதாகச் சந்தேகம் வந்தால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் எண் 1929.

கித்துல்கல, அறுகம்பை, கற்பிட்டி

கொழும்பை விட்டு வெளியே போக ஆசைப்படுகிறவர்களுக்கு முதலில் தோன்றுவது கித்துல்கல. அவிசாவளை தாண்டி ஹட்டன் வீதியில் போனால் களனி கங்கை. படகுச் சவாரியும் காட்டு நடையும் கயிற்று விளையாட்டுமாகப் பாடசாலைக் குழுக்கள் அங்கே வருகின்றன. ஆனால் படகை நடத்துவது கொழும்புக்காரரின் வேலை இல்லை. மேலே மின்நிலையங்களில் நீர் விடும் நேரத்தைப் பொறுத்தும், மலையில் பெய்யும் மழையைப் பொறுத்தும் மணிக்கு மணி மாறும் ஆறு அது. அதை வாசிக்கத் தெரிந்தவர்கள் அதில் குளித்து வளர்ந்த ஊர்ப் பையன்கள். நமக்குக் கிடைப்பது குழுத்தலைவர் வேலை: தலை எண்ணுவது, உயிர்காப்பு அங்கியின் வாரை இழுத்துப் பார்ப்பது, அட்டைக்கடிக்கு அலறும் பிள்ளையை ஆற்றுவது, இரவில் விளக்கு அணைந்ததா என்று பார்ப்பது. ஓகஸ்ட்டில் போனால் நனைந்த சப்பாத்து மறுநாளும் காயாது. வார இறுதி வேலை. தொடர்ச்சியான வருமானம் என்று நம்ப முடியாது.

மாதக்கணக்கில் தங்கி வேலை செய்ய அறுகம்பைதான் பொருந்தும். தென்மேற்குப் பருவக்காற்று இங்கே எங்களை நனைக்கும்போது கிழக்குக் கரையில் வெயில். மே முதல் செப்டெம்பர் வரை அலைச்சறுக்குப் பருவம். கடை, தங்குமிடம், பயிற்சிப் பள்ளி எல்லாவற்றுக்கும் அப்போதுதான் ஆள் வேண்டும். பொத்துவில் பக்கம் தமிழ் பேசும் மண் என்பதால் கொழும்புப் பிள்ளைக்குச் சோறும் பேச்சும் பழகியதாகவே இருக்கும். கற்பிட்டியில் கைட் சர்ஃபிங்குக்கு, அதாவது பட்டத்தின் இழுவையில் கடல்மேல் சறுக்குவதற்கு, இரண்டு பருவம்: மே தொடங்கி ஒன்று, டிசம்பர் முதல் மார்ச் வரை மற்றொன்று. இரண்டு இடத்திலும் தங்குமிடமும் சாப்பாடும் சம்பளத்தோடு சேர்த்துப் பேசப்படும். எத்தனை நாள் விடுப்பு, அறையில் எத்தனை பேர், பருவம் நடுவில் மந்தமானால் என்ன சம்பளம் என்பதை எழுத்தில் வாங்காமல் பஸ் ஏறாதீர்கள்.

பயிற்சி இங்கே பள்ளிக்கூடம் போல நடப்பதில்லை. மூத்தவருக்குப் பின்னால் தண்ணீரில் நின்று பார்த்துப் பழகுவதுதான். நல்ல மூத்தவர் கிடைத்தால் ஒரு பருவத்தில் கடலைப் பற்றி நீங்கள் கற்பது எந்தச் சான்றிதழிலும் அடங்காது. கிடைக்காவிட்டால் பலகை கழுவியே பருவம் போய்விடும். ஒன்றையும் சொல்ல வேண்டும்: அங்கே உங்கள் மாணவர்கள் பெரும்பாலும் வளர்ந்த சுற்றுலாப் பயணிகள். பிள்ளைகளோடு வேலை செய்வதுதான் உங்கள் விருப்பம் என்றால் அது குறைவாகவே கிடைக்கும். பெண்பிள்ளைகள் போகலாமா என்று கேட்கும் அம்மாமாருக்கு நான் சொல்வது, 2018இல் அறுகம்பையில் பெண்களுக்கென்றே ஓர் அலைச்சறுக்குக் கழகம் தொடங்கப்பட்டிருக்கிறது என்பதைத்தான். தனியாக அனுப்பத் தயங்குவது எனக்குப் புரிகிறது. இரண்டு தோழிகளாகச் சேர்த்து அனுப்புங்கள். தங்கும் அறையை முதலில் நீங்களே ஒருமுறை போய்ப் பாருங்கள்.

அமெரிக்கக் கோடை முகாம்

இதைப் பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள், அதிகம் தவறாகவும் நினைக்கிறார்கள். அமெரிக்க முகாம்கள் ஜூன் முதல் ஓகஸ்ட் வரை இயங்கும். வெளிநாட்டு இளைஞர்கள் ஜே-1 பரிமாற்ற விசாவில் முகாம் வழிகாட்டியாகப் போகலாம். வயது 18 நிரம்பியிருக்க வேண்டும், ஆங்கிலம் சரளமாக வேண்டும், அந்நாட்டு வெளியுறவுத் திணைக்களம் அங்கீகரித்த அனுசரணை நிறுவனம் ஒன்று உங்களை ஏற்க வேண்டும். அதிகபட்சம் நான்கு மாதம். விசாக் கட்டணம் 185 டொலர், பதிவுக் கட்டணம் 35 டொலர். அனுசரணை நிறுவனத்தின் கட்டணமும் விமானச் சீட்டும் வேறு. கொள்ளுப்பிட்டியில் உள்ள தூதரகத்தில் நேர்முகம் உண்டு. 2025 ஜூன் முதல் ஜே விசா கேட்பவர்கள் தங்கள் சமூக ஊடகக் கணக்குகளைப் பொதுவில் திறந்துவைக்க வேண்டும்.

சம்பளத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். வருடத்தில் ஏழு மாதத்துக்கு மேல் இயங்காத முகாம்களுக்கு அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்தின் குறைந்தபட்ச மணிச்சம்பளமும் மேலதிக நேரச் சம்பளமும் பொருந்தாது. ஆகவே மணிக்கணக்கு இல்லை. பருவம் முழுவதற்கும் ஒரு தொகை பேசுவார்கள். அமெரிக்கப் பிள்ளைக்கு என்ன தருகிறார்களோ அதற்கு ஈடாக உங்களுக்கும் தர வேண்டும் என்று விதி இருக்கிறது. உங்களைச் சமையலுக்கோ பாத்திரம் கழுவவோ போடக்கூடாது என்றும் விதி இருக்கிறது. ஒரு லட்சம் டொலருக்குக் குறையாத மருத்துவக் காப்புறுதியும் கட்டாயம். இவ்வளவும் இருந்தும், செலவைக் கழித்துவிட்டுப் பார்த்தால் கையில் பெரிதாக எதுவும் மிஞ்சாது. "அமெரிக்காவில் மூன்று மாதம் வேலை, கைநிறையச் சம்பளம்" என்று சொல்லி முற்பணம் கேட்கும் முகவர் வந்தால், 1989ஐ அழைத்து அவருக்கு வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்று கேளுங்கள்.

அப்படியானால் ஏன் போக வேண்டும்? என் சித்தியின் மகள் பென்சில்வேனியாவில் ஒரு முகாமுக்குப் போய்வந்தாள். பிள்ளைகள் வருவதற்கு முன் ஒரு வாரம் முழுவதும் பயிற்சி. அதில் எதைக் கற்றாள் என்று கேட்டபோது அவள் முதலில் சொன்னது மலையேற்றத்தையோ படகையோ அல்ல. இரவில் படுக்கை நனைக்கும் பிள்ளையை எப்படிக் காப்பாற்றுவது என்பதைச் சொன்னாள். எல்லோரும் காலைச் சாப்பாட்டுக்குப் போன பிறகு ஒருவர் மட்டும் திரும்பி வந்து விரிப்பை மாற்றி, அதே மாதிரி மடித்து, போர்வையை அதே கோணத்தில் போட்டுவிட வேண்டுமாம். அந்தப் பிள்ளையிடம்கூட அதைப் பற்றிப் பேசக்கூடாதாம். ஒன்பது வயதுப் பிள்ளையின் மானத்தைக் காக்க ஒரு முறை வகுத்து, அதைப் பத்தொன்பது வயதுப் பிள்ளைக்கு உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்கிறார்கள். எனக்கு ஒரு ரீசேர்ட்டும் விசிலும் தந்த காலை அப்போது நினைவுக்கு வந்தது.

அமெரிக்க முகாம் சங்கத்தின் அளவுகோலும் அப்படித்தான். தங்கும் முகாம்களில் 9 முதல் 14 வயது வரை எட்டுப் பிள்ளைகளுக்கு ஒருவர். 6 முதல் 8 வயதுக்கு ஆறு பேருக்கு ஒருவர். என்னிடம் தந்த தாளில் 14 பெயர்கள் இருந்தன என்று முன்பே எழுதினேன். கஷ்டமும் உண்டு: பிள்ளைகளோடு ஒரே குடிலில் தூக்கம், வாரத்தில் ஒரு நாளோ சற்று அதிகமோ ஓய்வு, சோற்றுக்கு ஏங்கும் வயிறு, வீட்டு நினைவில் அழும் பிள்ளைக்கு ஆறுதல் சொல்லிவிட்டுத் தானும் அழும் இரவுகள். விண்ணப்பத்தில் உங்களுக்கு என்ன சொல்லிக்கொடுக்கத் தெரியும் என்றுதான் முதலில் பார்க்கிறார்கள். நீச்சல், கிரிக்கெட், பரதம், முடிச்சுப் போடுவது, எதுவானாலும் சரி. 1912இல் மாத்தளையில் தொடங்கிய சாரணியம் இன்றும் எங்கள் பாடசாலைகளில் இருக்கிறது. அதில் பாசறை போட்டுப் பழகியவர்கள் அதை விரிவாக எழுதுங்கள். முந்திய வருடம் செப்டெம்பர், ஒக்டோபரிலேயே விண்ணப்பம் தொடங்கிவிடும்.

பிரித்தானியாவுக்கு இந்த வேலைக்கென்று இங்கிருந்து போக வழி இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். அங்கே பட்டப்படிப்பு மாணவர் விசாவில் இருப்பவர்கள் தவணைக் காலத்தில் வாரம் 20 மணிநேரமும் விடுமுறையில் முழுநேரமும் வேலை செய்யலாம்; வெளிப்புறக் கல்வி நிலையங்களில் கோடையில் ஆள் எடுப்பார்கள். ஒரு வருட முதுநிலைப் படிப்புக்காரருக்கு ஆய்வேடு எழுதும் கோடை விடுமுறையாகக் கணக்கில் வராது, கவனம். அங்கே பயிற்சிக்கு இருக்கும் கண்டிப்புக்குப் பின்னால் ஒரு துயரம் இருக்கிறது. 1993 மார்ச் 22 அன்று லைம் விரிகுடாவில் கயாக் என்னும் சிறு துடுப்புப் படகு ஓட்டப்போன பதின்வயது மாணவர்கள் நால்வர் இறந்தார்கள். கூடப் போன இரு பயிற்றுநர்களுக்கும் அடிப்படைத் தேர்ச்சி மட்டுமே இருந்தது. அந்த நிலையத்தில் பாதுகாப்பு போதாது என்று அதற்கு முந்திய வருடமே இரண்டு பயிற்றுநர்கள் எழுதிக் கொடுத்துவிட்டு வேலையை விட்டிருந்தார்கள். நிலையத்தை நடத்திய நிறுவனத்தின் நிர்வாகப் பணிப்பாளர் சிறைக்குப் போனார். 1995இல் சட்டம் வந்தது. இப்படிப்பட்ட நிலையங்களுக்கு உரிமம் கட்டாயமானது. அந்தக் கடிதத்தை எழுதிய இருவரைத்தான் நான் அடிக்கடி நினைப்பேன். அவர்களும் பருவகால ஊழியர்களின் வயதுக்காரர்கள்தான் என்றே என் மனதில் ஓர் உருவம்.

பணத்துக்கென்று மட்டும் பார்த்தால் தங்குமிடமும் சாப்பாடும் கிடைக்கும் அறுகம்பையில்தான் மிச்சம் பிடிக்கலாம். கற்பதற்கென்றால் அமெரிக்கா, ஆனால் கையில் ஒரு திறமையும் ஒரு வருட அனுபவமும் வந்த பிறகு. பதினெட்டு வயதில் முதன்முறை வெளிக்கிடுகிறவருக்குக் கொழும்புப் பகல் முகாம்தான் என் தெரிவு, முதலுதவிப் பயிற்சியை முதலில் முடித்துவிட்டு.

கடந்த மாதம் பம்பலப்பிட்டியில் இருந்து ஒரு பிள்ளை இதையெல்லாம் கேட்டு எழுதிக்கொண்டு போனாள். நேற்று மாலை அழைத்தாள். நாளுக்கு அதிகம் தருவதாகச் சொன்ன ஒரு முகாமில், பயிற்சி எத்தனை நாள் என்று கேட்டதும் "வந்து பார்த்தால் தெரியும்" என்றார்களாம். 200 ரூபாய் குறைவாகத் தரும் இன்னொரு முகாமில் இரண்டு நாள் பயிற்சி, அந்த இரண்டு நாளுக்கும் சம்பளம், பிள்ளைகளின் மருத்துவப் படிவத்தின் பிரதி ஒன்று அவள் கையில். "அக்கா, படிவத்தில் இன்ஹேலர் எங்கே இருக்கும் என்று எழுத ஒரு கட்டம்கூட இருக்கிறது," என்றாள். ஓகஸ்ட் முதல் வாரம் சேர்கிறாள்.