மதுரையில மாடி போர்ஷனை நாள் வாடகைக்கு விடுறது எப்படி இருக்கு?

சிம்மக்கல் பக்கம் எங்க மாடி போர்ஷனை ஆப்ல போட்டு நாள் வாடகைக்கு விட்டு சில வருஷம் ஆச்சு. வருஷம் பூரா ஆள் வருமான்னு நிறைய பேரு கேக்குறாங்க. வரும், ஆனா ஆப் நினைக்கிற நாள்ல வராது.

ரேட்டை அதுவா ஏத்தி இறக்குற வசதி ஒண்ணு இருக்குல்ல, அதுக்குத் தெரிஞ்சதெல்லாம் சனி, ஞாயிறுதான். அழகர் ஆத்துல இறங்குனது 2024ல ஏப்ரல் 23 செவ்வாக்கிழமை, 2025ல மே 12 திங்கக்கிழமை, ரெண்டுக்கும் முதல்ல சாதா நாள் ரேட்டைத்தான் காட்டுச்சு, ஜனம் தேட ஆரம்பிச்ச பிறகுதான் ஏத்துச்சு, அதுக்குள்ள வெவரமான ஆளுங்க பழைய ரேட்ல புக் பண்ணிட்டுப் போயிருவாய்ங்க. இப்ப புது காலண்டர் வந்ததுமே சித்ரா பௌர்ணமி, முகூர்த்த நாள் எல்லாம் பாத்து நானே ரேட் போட்டுர்றேன்.

கார்த்திகை பிறந்ததுல இருந்து மகரவிளக்கு வரைக்கும் ஐயப்ப சாமிங்கதான். ஆந்திரா, தெலங்கானா, கர்நாடகா வேன், ராமேஸ்வரம் போற வழியில ஒரு ராத்திரி. கட்டில் வேணாம் பாய் போதும்பாங்க, ஆனா தண்ணி! விடியக்காலம் மூணு மணிக்கு குளிக்க ஆரம்பிச்சா மோட்டாரை நிறுத்தவே முடியாது, மொட்டைமாடிக் கொடி பூரா கருப்பு வேட்டியும் நீல வேட்டியுமா தொங்கும். வேன் சந்துக்குள்ள வராதுன்னு முதல்லயே எழுதிருங்க, இல்லேன்னா வாசல்ல பஞ்சாயத்துதான். மார்கழியில கல்யாண புக்கிங் கிடையாது, அதை சாமிங்க ஈடுகட்டிருவாங்க.

டிசம்பர்ல இருந்து பிப்ரவரி வரை வெளிநாட்டுக்காரங்களும் வருவாங்க, வந்த 24 மணி நேரத்துக்குள்ள அவங்க விவரத்தை அரசாங்கத்துக்கு ஆன்லைன்ல ஏத்தணும் (முன்னாடி ஃபார்ம் சின்னு பேரு), அம்புட்டுதான்.

ஆடி சுத்தமா காயும்னு சொன்னாங்க. எங்களுக்குக் காயல, காரணம் கண்ணாஸ்பத்திரி. ஆபரேஷனுக்கு வெளியூர்ல இருந்து வர்றவங்க மறுநாள் செக்கப்பும் முடிச்சுட்டுத்தான் ஊருக்குப் போவாங்க, கூட ஒரு ஆளு இருக்கும், அவங்களுக்கு ஏசி கூட வேணாம், கண்ணுல கட்டோட மாடி ஏறணுமேங்கிறதுதான் பயம். படியில கைப்பிடிக் கம்பி வச்சோம், விளிம்புல மஞ்ச பெயிண்ட் அடிச்சோம், அதுக்கப்புறம் ஒருத்தர் சொல்லி ஒருத்தர் நேரா போன்லயே கூப்பிடுறாங்க, ஆப்புக்குக் கமிஷனும் இல்ல. ரேட் திருவிழா ரேட்ல பாதி கூட வராது, ஆனா செவ்வாய் புதன்லயும் லைட் எரியுது. சித்திரையில வர்ற காசு பெயிண்டுக்கும் ஏசி சர்வீஸுக்கும் சரியாப் போயிருது, ஈபி பில்லு கட்டுறது இவங்க தர்ற காசுலதான்.