லிஃப்ட் பக்கத்துக் கார் பார்க்கிங் என்று 3,50,000 ரூபாய் வாங்கி ஏமாற்றிவிட்டார்கள்

ஞாயிற்றுக்கிழமை எங்கள் குடியிருப்பில் அசோசியேஷன் கூட்டம் நடந்தது. அதிலிருந்து எனக்குச் சரியான தூக்கம் இல்லை. ஃபிளாட் வாங்கும் யோசனையில் இருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு அப்புறம் அட்வான்ஸ் கொடுங்கள். பில்டர் பெயரைப் போடவில்லை. புகார் கொடுக்கப் போவதால் இப்போது வேண்டாம் என்று வக்கீல் சொல்லிவிட்டார். சென்னை மேடவாக்கம் பக்கம் ஸ்டில்ட்டும் (கார் நிறுத்த, சுவர் இல்லாமல் தூண்களோடு விடும் தரைத்தளம்) ஐந்து மாடியுமாகக் கட்டி விற்கிற நடுத்தர பில்டர், அதுவரைக்கும் சொல்கிறேன்.

என் அம்மா வாக்கர் பிடித்து நடப்பவர். வாரம் இரண்டு நாள் பிசியோதெரபிக்குக் கூட்டிப் போக வேண்டும். அதனால் ஃபிளாட் பார்க்கப் போன அன்றே, லிஃப்ட்டை விட்டு இறங்கினால் கார் பக்கத்தில் நிற்க வேண்டும் என்று கேட்டேன். சேல்ஸ் மேனேஜர் எங்களை ஸ்டில்ட்டுக்கு அழைத்துப் போனார். லிஃப்ட்டுக்கு நேர் எதிரே இரண்டு தூணுக்கு நடுவில் ஒரு இடம். அம்மாவுக்கு உட்கார நாற்காலி கொண்டுவரச் சொன்னார், டீ வாங்கி வரச் சொன்னார். “இந்த இடத்த மூணு பேர் கேட்டாங்க சார். அம்மா மாதிரி ஒருத்தங்களுக்குக் கொடுக்கணும்னுதான் வச்சிருந்தேன்” என்றார். சாக்பீஸால் தூணில் எங்கள் ஃபிளாட் எண்ணை எழுதினார். அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு “நல்லா இருப்பா” என்றார். இதை எழுதும்போது கூட வயிறு எரிகிறது.

இரண்டே நாளில் 3,50,000 ரூபாய் கட்டினேன். ஃபிளாட் விலைக்கு மேல், தனியாக. அதற்கு வங்கிக் கடனும் கிடைக்காது, என் மனைவியின் நகையை வைத்துத்தான் கட்டினேன். ரசீதில் ‘இதர வசதிகளுக்கு’ என்று மட்டும் இருந்தது. ஏன் பார்க்கிங் என்று எழுதவில்லை என்று கேட்டேன். “ஜிஎஸ்டி கணக்குக்காக சார், எல்லாருக்கும் இப்படித்தான்” என்றார்கள். லெட்டர்ஹெட்டில் ஒரு ஒதுக்கீட்டுக் கடிதம் கொடுத்தார்கள். அந்த இடம் பற்றிக் கட்டுமான அக்ரிமென்ட்டிலும் இல்லை, யூடிஎஸ் (நிலத்தில் நமக்கு வரும் பிரிக்கப்படாத பங்கு) கிரயப் பத்திரத்திலும் இல்லை. அங்கேயே நான் எழுந்து வந்திருக்க வேண்டும்.

குடிவந்து எட்டு மாதம் அங்கேதான் கார் நிறுத்தினேன். அப்புறம் அசோசியேஷன் பதிவாகி, நிர்வாகம் கைமாறியது. புதுச் செயலாளர், கட்டட அனுமதி தரும் சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) முத்திரை போட்ட பிளானை எடுத்துப் பார்த்தார். கூட்டத்தில் அதை மேசையில் விரித்து வைத்தார். லிஃப்ட்டுக்கு எதிரே இருக்கும் இரண்டு இடமும் விசிட்டர் பார்க்கிங். “தம்பி, உங்க மேல தப்பு சொல்லல. ஆனா இது எல்லாருக்கும் பொதுவான எடம். அத உங்களுக்கு விக்க அவருக்கு உரிமையே இல்ல” என்றார். கோபத்தில் நான் சத்தம் போட்டேன், ஆனால் அவர் சொன்னது சரி. பக்கத்து இடத்தை வாங்கியவர் இன்னொரு குடும்பம். அவர்களும் பணம் கட்டியிருக்கிறார்கள்.

மறுநாள் பில்டர் ஆபீஸுக்குப் போனேன். சேல்ஸ் மேனேஜர் வேலையை விட்டுப் போய்விட்டாராம். வரவேற்பில் இருந்த பெண் “கஸ்டமர் கேருக்கு மெயில் போடுங்க சார்” என்றார். போட்டேன். “குடியிருப்பு ஒப்படைக்கப்பட்டுவிட்டது, அசோசியேஷனை அணுகவும்” என்று ஒரே வரியில் பதில். நேரில் போய் மறுபடி உட்கார்ந்தேன். கணக்குப் பிரிவில் ஒருவர் ரசீதைப் பார்த்துவிட்டு, “இதுல பார்க்கிங்னு எங்க இருக்கு சார்?” என்றார். எழுத வேண்டாம் என்று சொன்னதே அவர்கள்தான்! முதலாளி போனை எடுக்கவே இல்லை. ஒரே ஒரு முறை எடுத்து, “சைட்ல இருக்கேன், அப்புறம் பேசுறேன்” என்றார். அந்த அப்புறம் இன்னும் வரவில்லை. 3,50,000 ரூபாய்.

வக்கீல் சொன்னது எனக்கு முன்பே தெரிந்திருந்தால் பணமே கட்டியிருக்க மாட்டேன். 2010-ல் மும்பை பில்டர் ஒருவர் தொடர்ந்த வழக்கில், ஸ்டில்ட் பார்க்கிங்கைத் தனியாக விற்க முடியாது, அது பொது இடம் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. அது மகாராஷ்டிரச் சட்டத்தை வைத்து வந்த தீர்ப்பு. ஆனால் 2016-ல் வந்த ரெரா என்ற ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் நாடு முழுமைக்கும் பொது. அதில் கராஜ் என்றால் மேலே கூரையும் மூன்று பக்கம் சுவரும் இருக்க வேண்டும். என் இடத்தில் இரண்டு தூண்தான் இருக்கிறது, அதனால் அதைக் கராஜ் என்று சொல்லியும் விற்க முடியாது. பொது இடங்களை அசோசியேஷனுக்கு எழுதிக்கொடுக்க வேண்டும் என்று 17-வது பிரிவு சொல்கிறது. அசோசியேஷனுக்குப் போக வேண்டியதை எடுத்து என்னிடம் விற்றிருக்கிறார்கள்.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், முடியவில்லை. அவசரமாகச் சிலது: பணம் கொடுப்பதற்கு முன் அனுமதி பெற்ற பிளானின் நகலைக் கேளுங்கள், அதைக் கேட்க வாங்குபவருக்கு ரெரா 19-வது பிரிவில் உரிமை உண்டு. அதில் உங்களுக்குக் காட்டிய இடத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று நீங்களே பாருங்கள். ரசீதில் எதற்கான பணம் என்று எழுத மறுத்தால் கட்டாதீர்கள். லெட்டர்ஹெட் கடிதத்தை நம்பாதீர்கள். பதிவு செய்த அக்ரிமென்ட் இல்லாமல் விலையில் பத்து சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்பதும் சட்டம்தான்.

தமிழ்நாடு ரெராவில் (அந்தச் சட்டப்படி அமைந்த ஆணையம்) புகார் கொடுக்க ரசீது, கடிதம், மெயில் எல்லாவற்றையும் நகல் எடுத்துக்கொண்டிருக்கிறேன். இதே பில்டரிடம் ‘இதர வசதிகள்’ ரசீது வாங்கியவர்கள் இருந்தால் தொடர்பு கொள்ளுங்கள், சேர்ந்து கொடுக்கலாம். இப்போது காரைத் தெருவில் நிறுத்துகிறேன். இன்று காலை மழையில் அம்மாவை வாசல் வரை நடத்திக்கொண்டு போனேன். வாட்ச்மேன் குடை பிடித்தார்.