மவுண்ட் ஃபீல்டுக்கு வேன் பிடிக்கும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்

ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாத் தீவில் ஃபேகஸ் என்று ஒரு குட்டை மரம் உண்டு. ஏப்ரல் கடைசியில் இலை உதிர்வதற்கு முன்னால் மலைச்சரிவையே மஞ்சளும் சிவப்புமாக ஆக்கிவிடும். மவுண்ட் ஃபீல்டு தேசியப் பூங்காவில் அதைப் பார்க்கத்தான் நானும் மனைவியும் மாமனாரும் தீவின் தலைநகரான ஹோபார்ட்டில் ஒரு சின்ன டூர்க்காரரிடம் பணம் கட்டினோம். விளம்பரத்தில் பூங்காவின் உயரத்தில் இருக்கும் டார்ன் ஷெல்ஃப் படம்: வரிசையாகக் குளங்கள், கரையெல்லாம் ஃபேகஸ். “ரசல் அருவி, உயர்மலை நடை, முழு நாள்” என்று போட்டிருந்தது.

ரசல் அருவியில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. பார்வையாளர் மையத்திலிருந்து கால் மணி நேர நடை. குடை விரித்த மாதிரி மரப்பெரணிகள், நடுவே தட்டுத் தட்டாக இறங்கும் தண்ணீர். அருவியைக் கண்டும் குளிக்காமல் திரும்ப மாமாவுக்குத்தான் மனசே வரவில்லை.

வேனுக்கு வந்து, “அடுத்து மேலேதானே?” என்றேன். டிரைவர் சாண்ட்விச்சை மென்றுகொண்டே, “மேலே பனி, போக முடியாது” என்றார். அண்ணாந்து பார்த்தேன். துடைத்து வைத்த நீல வானம். மையத்தில் விசாரித்தால், ரோடு திறந்துதான் இருக்கிறதாம், டயருக்குச் சங்கிலிகூட வேண்டாமாம். அதைச் சொன்ன பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. வேன் வாடகை வண்டி. தார் போடாத ரோட்டில் ஓட்டினால் இன்சூரன்ஸ் செல்லாது. டார்ன் ஷெல்ஃபுக்கு நடக்கத் தொடங்கும் லேக் டாப்சன் வரை 16 கி.மீ. சரளைக்கல் ரோடு. ஆக, காலையில் ஹோபார்ட்டில் எங்களை ஏற்றும்போதே அவருக்குத் தெரியும்!

மிச்ச நாள் ஒரு லாவெண்டர் சோப்புக் கடையில் கழிந்தது. பணத்தைத் திருப்பிக் கேட்டு மெயில் போட்டால், ‘வானிலையைப் பொறுத்து மாறலாம்’ என்ற வரியைக் காட்டினார்கள். அன்றைக்கு எடுத்த வானத்தின் படத்தை அனுப்பினேன். அப்புறம் பதிலே இல்லை.

என் தப்பும் உண்டு. டார்ன் ஷெல்ஃபைச் சுற்றி வரவே ஐந்தாறு மணி நேரம் ஆகும். நாலு மணிக்கு ஹோபார்ட் திரும்புகிற டூரில் அது எப்படி அடங்கும்?

பணம் கட்டும் முன், “வண்டி லேக் டாப்சன் வரை போகுமா?” என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நீங்களே கார் எடுத்தாலும் வாடகை ஒப்பந்தத்தில் சரளை ரோடு பற்றிய வரியைத் தேடிப் படியுங்கள். பெரும்பாலும் அது கடைசிப் பக்கத்தில், பொடி எழுத்தில் இருக்கும்.