இயற்கைக் காய்கறிப் பெட்டி: கீரைக்கு வாங்கலாம், கேரட்டுக்கு வேண்டாம்

வாரம் ஒருமுறை அலங்காநல்லூர், வாடிப்பட்டிப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து மதுரை வீடுகளுக்கு 5 கிலோ பெட்டி வருகிறது. ஆர்டர் வாட்ஸ்அப்பில். 4 பேர் உள்ள வீட்டுக்கு இது நாலைந்து நாள் தாங்கும். "வாரம் முழுக்க" என்பது விளம்பரக் கணக்கு.

பெட்டியில் முதல் மதிப்பெண் கீரைக்கு. அரைக்கீரை, தண்டுக்கீரை, மணத்தக்காளி என மாற்றி மாற்றி வைக்கிறார்கள். விடியற்காலையில் பறித்து வாழையிலையில் சுற்றி அனுப்புவதால், தண்டை ஒடித்தால் சடக்கென்று ஒடிகிறது. முந்தின நாள் சாயங்காலமே பறித்துப் பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டும் இடங்களில் உள்ளே வியர்த்து, நடுக்கட்டு கொழகொழவென்றாகிவிடும். மேலே பார்த்தால் தெரியாது. கட்டைப் பிரித்து முகர்ந்தால் தெரியும். இங்கே குறை வேறு: பழுத்த தக்காளியும் வாழைப்பழமும் கீரைக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. அவை விடும் எத்திலீன் வாயு இலையைச் சீக்கிரம் மஞ்சளாக்கும். பெட்டி வந்ததும் முதல் வேலையாகப் பிரித்து வையுங்கள்.

வெண்டைக்காய் சுமார்தான். காரணம் எளிது. வெண்டையை ஒருநாள் விட்டு ஒருநாள் பறிக்க வேண்டும். வாரம் ஒருமுறை வண்டி என்றால் பெட்டி நாளுக்காகக் காயைச் செடியிலேயே விட்டுவைக்கத் தோன்றும், முற்றிவிடும். நுனி ஒடியாமல் வளைந்தால் புகார் சொல்லலாம். கத்தரியில் கிலோவுக்கு இரண்டு மூன்று சொத்தை வரும், அதைப் பெரிதுபடுத்த வேண்டியதில்லை. ஓட்டை இருப்பதாலேயே மருந்தடிக்காத காய் என்று நம்பவும் வேண்டாம்: காய்த்துளைப்பான் புழு உள்ளே புகுந்தபின் மருந்து அதை எட்டாது, மருந்தடித்த காயிலும் சொத்தை உண்டு. கத்தரியை ஃபிரிட்ஜில் நாள்கணக்கில் வைத்தால் உள்ளே பழுப்பேறும். துணிப்பையில் வெளியே வைத்து இரண்டு நாளில் சமைத்துவிடுங்கள்.

எடையில்தான் கவனம் தேவை. காய் குறைந்த வாரம் ஒன்றரைக் கிலோ சுரைக்காய் ஒன்றைப் போட்டால் பெட்டியில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு முடிந்தது. "தீர்ந்துபோனால் மாற்றுக்காய் வரும்" என்ற வரிக்கு அர்த்தம் பெரும்பாலும் சுரைக்காய் அல்லது பூசணி. எந்தக் காயும் ஒரு கிலோவைத் தாண்டக்கூடாது, வேண்டாத காய் இது என்று ஆர்டரிலேயே எழுதுங்கள், எழுதினால் கேட்கிறார்கள்.

கேரட், பீட்ரூட்டுக்கும் "உள்ளூர்" என்றே சீட்டு ஒட்டுகிறார்கள். கொடைக்கானல் சரக்கு, நூறு கிலோமீட்டருக்கு மேல் மலையிறங்கி வருவது. இயற்கைச் சான்று கேட்டால் கீரைக்கும் நாட்டுக்காய்க்கும் பி.ஜி.எஸ். (விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து ஒருவர் நிலத்தை ஒருவர் சரிபார்க்கும் சான்றுமுறை) தாள் காட்டுகிறார்கள், மலைக்காய்க்கு இல்லை. தாளில் பயிர்ப் பெயரையும் காலாவதித் தேதியையும் பாருங்கள். 'பி.ஜி.எஸ். கிரீன்' என்றிருந்தால் நிலம் இன்னும் மாறும் கட்டத்தில் இருக்கிறது. ரசாயனத்தை விட்ட முதல் போகமே இயற்கைக் காய் ஆகிவிடாது: தேசிய இயற்கை வேளாண் விதிகளில் கீரை, காய் போன்ற பருவப்பயிருக்கே பொதுவாக 2 ஆண்டு மாற்றக் காலம் உண்டு.

விலை உழவர் சந்தையைப் போல ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை 1999-ல் தொடங்கியது நம்ம மதுரை அண்ணா நகரில்தான். அங்கே மருந்தில்லை என்று யாரும் எழுதித் தருவதில்லை. ஆனால் விடிந்ததும் போனால் இதே பசுமையில் கீரை கிடைக்கும். காலையில் போக முடிகிறவர்கள் வெங்காயம், உருளையை அங்கேயே வாங்கிக்கொண்டு இங்கே கீரை, நாட்டுக்காய் மட்டும் உள்ள சின்னப் பெட்டியை எடுப்பது கட்டுப்படியாகும்.

நசுங்கிய காய்க்கு அன்றே படம் அனுப்பினால் அடுத்த பெட்டியில் கழித்துக்கொள்கிறார்கள், பணமாகத் தருவதில்லை. அதனால் மூன்று மாதச் சந்தாவை எடுத்தவுடன் கட்ட வேண்டாம். சித்திரை, வைகாசியில் வகை குறையும், மதிய வண்டியில் வரும் தக்காளி வெந்தே வரும். ஆடிப்பட்டத்தில் விதைத்தது புரட்டாசியில் காய்க்கத் தொடங்கும். அவரையும் மொச்சையும் மார்கழி, தையில். சந்தா கட்டுவதானால் அந்த மாதங்களுக்குக் கட்டுங்கள்.