டிராக் காருக்குப் பழைய ஸ்லிக் வாங்குகிறவர்கள் கவனத்துக்கு: டயரும் அலைன்மென்ட்டும் சேர்ந்து ஏமாற்றிய கதை

பயன்படுத்திய ஸ்லிக் டயரையும் (பள்ளக்கோடு இல்லாத ரேஸ் டயர்) டிராக் அலைன்மென்ட்டையும் (சக்கரங்களின் கோணங்களை டிராக்குக்கு ஏற்ப வைப்பது) சேர்த்து ‘பேக்கேஜாக’ தருகிறோம் என்று எந்தக் கடையாவது சொன்னால், இதைப் படித்துவிட்டுப் பணத்தை எடுங்கள். கடையின் பெயரை எழுதவில்லை. அவர்கள் செய்த வேலையை மட்டும் எழுதுகிறேன், அதுவே போதும்.

விற்றது இதுதான்: நான்கு ரேடியல் ஸ்லிக் (உள் இழைகள் ஓரத்துக்கு ஓரம் நேராக ஓடும் வகை), சாஃப்ட் காம்பவுண்ட், அதாவது மென்மையான ரப்பர், “ஒரே ஒரு ஹீட் சைக்கிள்தான் சார், புதுசு மாதிரி” (ஒரு தடவை ஓடிச் சூடாகி ஆறினால் ஒரு ஹீட் சைக்கிள்). கூடவே அதற்கேற்ற அலைன்மென்ட்: முன்னால் கேம்பர் மைனஸ் 3.2 டிகிரி (சக்கரத்தின் மேல்பக்கம் உள்ளே சாய்ந்திருப்பது), 2 மில்லிமீட்டர் டோ அவுட் (சக்கரங்களின் முன்பக்கம் வெளியே திரும்பியிருப்பது), பின்னால் கொஞ்சம் டோ இன் (உள்ளே திரும்பியிருப்பது). செட்டிங்கில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ரேடியல் ஸ்லிக் போட்டால் முன்பக்கம் மூன்று டிகிரி வாக்கில் கேம்பர் வைப்பது வழக்கம்தான். அவர்கள் தந்த அளவுத் தாளில் இருந்ததில் ஒன்று காரில் இல்லை, அங்கேதான் வினை.

விற்பதற்கு அவர்கள் காட்டும் ஒப்பீட்டைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். மேஜைமேல் இரண்டு ஸ்லிக் வைத்திருப்பார்கள். வேறொரு கம்பெனியுடையது வெளி ஷோல்டர் (டயர் முகத்தின் ஓரம்) கிழிந்து தொங்கும். அவர்கள் விற்பது ஒரே சீராகத் தேய்ந்திருக்கும். “பாருங்க, அந்த டயர் தாங்கல.” இரண்டும் எந்தக் கேம்பரில் ஓடியவை என்று கேட்டேன். “அது வேற கார் சார்” என்றதோடு பேச்சு மாறிவிட்டது. ஒன்றரை டிகிரியில் ஓட்டினால் எந்த ரேடியல் ஸ்லிக்கும் வளைவில் வெளி ஓரத்தின்மேல்தான் உருளும், ஷோல்டர் போகத்தான் செய்யும். பயாஸ் பிளை ஸ்லிக் (உள் இழைகள் சாய்வாகக் குறுக்கிட்டு ஓடும் வகை) இதற்கு நேர்மாறு. அதற்குக் குறைந்த கேம்பரே போதும். மூன்றரை வைத்தால் உள் ஓரம் தீய்ந்துபோகும். ஒரே செட்டிங்கில் இரண்டையும் ஓட்டிவிட்டு எது நல்ல டயர் என்று தீர்ப்புச் சொல்வது மோசடி, அல்லது அறியாமை. எதுவானாலும் அவர்களுக்குத்தான் லாபம்.

டிராக்கில் நடந்தது: முதல் இரண்டு லேப் பிடிப்பு பரவாயில்லை. அதன்பின் முன்பக்கம் வழுக்க ஆரம்பித்தது, ஸ்டியரிங்கை எவ்வளவு திருப்பினாலும் மூக்கு உள்ளே வரவில்லை. நேர்ப்பாதையில் கார் இடமும் வலமுமாக அலைந்தது, பிரேக்கில் எந்தப் பக்கம் இழுக்கும் என்று சொல்ல முடியவில்லை. பிட்டுக்குள் வந்ததும் ஊசி பைரோமீட்டரால் (ரப்பருக்குள் குத்தி வெப்பம் அளக்கும் கருவி) குத்திப் பார்த்தேன். முன் டயரில் உள் ஓரம் 97 டிகிரி செல்சியஸ், நடு 82, வெளி ஓரம் 75. உள் ஓரம் ஐந்து முதல் பத்து டிகிரி கூடுதலாக இருந்தால் சரி, இருபதுக்கு மேல் என்றால் கோளாறு. (லேசர் காட்டும் இன்ஃப்ராரெட் கன்னை இதற்கு நம்பாதீர்கள். அது மேல்தோலைத்தான் அளக்கும், பிட்டுக்குள் வருவதற்குள் மேல்தோல் ஆறிவிடும்.)

கடையில் டயர்ப் பிரிவுக்குப் போன் செய்தால், “அலைன்மென்ட்ல கேளுங்க சார்.” அலைன்மென்ட் ஆளிடம் கேட்டால், “டயர் இன்னும் செட் ஆகல, நாலு லேப் தள்ளி ஓட்டுங்க.” மறுபடி கேட்டதற்கு, கேம்பர் அதிகம், ஒரு டிகிரி குறைத்துத் தருகிறேன் என்றார். இந்த இடத்தில் பலர் ஏமாந்துவிடுவார்கள். வெப்பநிலையை மட்டும் பார்த்தால் அவர் சொல்வது சரி போலத்தான் தெரியும். டோ அவுட் அளவுக்கு மீறிப் போனாலும் அதே உள் ஓரம்தான் சூடாகும், அதே உள் ஓரம்தான் தேயும். கேம்பரைக் குறைத்திருந்தால் பழைய கோளாறு அப்படியே இருக்க, வெளி ஷோல்டரும் சேர்ந்து போயிருக்கும்.

சமதளத்தில் காரை நிறுத்தி, இரண்டு பக்கமும் காருக்கு இணையாக நூல் கட்டி, ரிம்மின் முன் விளிம்பிலும் பின் விளிம்பிலும் நூலுக்குள்ள தூரத்தை அளந்தேன். இரண்டு முன் சக்கரத்துக்கும் சேர்த்து 7 மில்லிமீட்டர் டோ அவுட். 18 அங்குல ரிம்மில் அது சக்கரத்துக்கு 0.4 டிகிரிக்குச் சற்று மேல். அதாவது நேராக ஓடும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் டயர் ஏழு மீட்டர் பக்கவாட்டில் இழுபடுகிறது. கேம்பர் என்னவோ சொன்னபடிதான் இருந்தது. கேம்பரை நகர்த்தினால் டோவும் கூடவே நகரும். அதனால் டோவைக் கடைசியில் வைக்க வேண்டும். இவர்கள் கேம்பரை மாற்றிவிட்டு டோவைத் தொடவேயில்லை. கீழே படுத்து, டோவை மாற்றும் தண்டான டை ராடைப் பார்த்தேன்: லாக் நட்டின் மரைமேல் பழைய எண்ணெய்ப் பிசுக்கும் மண்ணும் கட்டியாக உறைந்திருந்தது, ஸ்பேனர் பட்ட ஒரு கீறல்கூட இல்லை. தாளில் மட்டும் இடது வலது இரண்டிலும் இம்மி பிசகாமல் ஒரே டோ. நிஜக் காரில் அளந்த தாள் அவ்வளவு அழகாக வராது.

டோவைச் சரிசெய்ததும் முதலில் என் பழைய செமி ஸ்லிக்கை (கொஞ்சம் பள்ளக்கோடு உள்ள டயர்) போட்டு ஓட்டினேன். அலைச்சல் போய்விட்டது, பிரேக்கிலும் நேராக நின்றது. பிறகு அதே செட்டிங்கில் ஸ்லிக்கை மாட்டினேன். அலைச்சல் இல்லை, ஆனால் அதே இரண்டு லேப்பில் பிடிப்பு செத்துவிட்டது. அலைன்மென்ட் குற்றம் எது, டயர் குற்றம் எது என்று பிரித்துக் காட்ட இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை.

டயரின் கதை இன்னும் மோசம். வாங்கிய அன்று கடையிலேயே டியூரோமீட்டர் (ரப்பரின் கடினத்தை அளக்கும் கருவி) வைத்துக் காட்டினார்கள்: ஷோர் ஏ அளவில் 48 (எண் கூடினால் ரப்பர் கடினம்). டிராக்கில் மேல்தோல் உரிந்தபின் ஆறவைத்து, கடையில் பார்த்த அதே சுமாரான வெப்பத்தில் நான் வைத்துப் பார்த்தால் 67. சாதாரண ரோடு டயரே 60, 70 வாக்கில்தான் இருக்கும். ரப்பரை மென்மையாக்கும் கெமிக்கல் தடவினால் மேல்தோல் சில நாளைக்கு இளகிக் கிடக்கும், மீட்டர் ஊசியும் ஏமாந்துபோகும். உள்ளே ரப்பர் பலமுறை வெந்து ஆறி இறுகிப்போனது இறுகியதுதான், எதைத் தடவினாலும் திரும்பாது. ஹீட் கன்னால் சூடாக்கி ஒட்டுரப்பரைச் சுரண்டுவது எல்லோரும் செய்வதுதான், அதைத் தப்பு சொல்ல மாட்டேன். ஆனால் இந்த டயர்களின் உள் ஓரத்தில் தேய்மானக் குழிகள் (எவ்வளவு தேய்ந்தது என்று பார்க்க டயர் முகத்தில் இருக்கும் சிறு குழிகள்) கிட்டத்தட்ட மறைந்துவிட்டன. ஒரு ஹீட் சைக்கிளில் குழி மறையாது. ரிம்மில் உட்காரும் பீட் ஓரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட தடவை ஏற்றி இறக்கிய நெம்புகோல் காயங்களும் இருந்தன.

வாங்குவதாக இருந்தால் குழி ஆழத்தை உள், நடு, வெளி மூன்றிலும் அளந்து பாருங்கள். டியூரோமீட்டரை மேல்தோலில் வைக்காமல், ஓரத்தில் கொஞ்சம் ரப்பரைச் சீவிவிட்டு அங்கே வைக்கச் சொல்லுங்கள்; மறுத்தால் காரணம் அவருக்குத் தெரியும். தயாரிப்பு எண்ணையும் ஹீட் சைக்கிள் எத்தனை என்பதையும் பில்லில் எழுதி வாங்குங்கள். என் பில்லில் ‘ஸ்லிக் 4’ என்று மட்டும்தான் இருக்கிறது, இப்போது அவர்கள் பிடித்துக்கொண்டிருப்பதும் அதைத்தான். அலைன்மென்ட்டுக்கு ஓட்டுநர் எடைக்குச் சமமாக இருக்கையில் எடை வைத்தார்களா, காரை இறக்கியபின் சஸ்பென்ஷனை அமுக்கி நிலைக்கு வரவைத்தார்களா என்று பக்கத்திலேயே நின்று பாருங்கள்.

அலைன்மென்ட்டை இலவசமாக மறுபடி செய்து தருகிறோம் என்கிறார்கள். வேண்டாம் என்றுவிட்டேன், காரை அவர்களிடம் கொடுப்பதாக இல்லை. டயருக்கு, பயன்படுத்திய சரக்குக்குப் பொறுப்பில்லை என்பதே பதில். நூல் அளவு, பைரோமீட்டர் எண்கள், லாக் நட் படம் எல்லாவற்றையும் சேர்த்து எழுத்து மூலம் புகார் அனுப்பியிருக்கிறேன். பதில் வந்தால் இதன் கீழேயே சேர்க்கிறேன்.