கொச்சியில் இரண்டு நாள்: எர்ணாகுளத்தில் தங்குவதா, ஃபோர்ட் கொச்சியில் தங்குவதா?

வார இறுதியில் கொச்சியைப் பார்த்துவிட்டுத் திரும்ப நினைப்பவர்கள், எந்தெந்த இடங்களைப் பார்ப்பது என்று யோசிப்பதற்கு முன்பே, காயலின் எந்தக் கரையில் அறை எடுப்பது என்பதை முடிவு செய்துவிடுவது நல்லது. கிழக்குக் கரையில் ரயில் நிலையங்களும் மெட்ரோவும் கடைவீதிகளுமாக எர்ணாகுளம் இருக்கிறது. மேற்கே, காயலுக்கும் அரபிக்கடலுக்கும் நடுவில், ஃபோர்ட் கொச்சியும் அதை ஒட்டி மட்டாஞ்சேரியும் இருக்கின்றன. இரண்டு கரையிலும் தங்கியிருக்கிறேன். குறுகிய பயணத்துக்கு ஃபோர்ட் கொச்சிதான் என்பது என் கட்சி.

எர்ணாகுளத்தின் வசதிகளை விரித்துச் சொல்லத் தேவையில்லை. நள்ளிரவில் ரயிலிலிருந்து இறங்கினாலும் நிலையத்துக்கு அருகிலேயே அறை கிடைக்கும்; எல்லா விலையிலும் விடுதிகள் உண்டு; சைவ உணவு தேடி அலைய வேண்டியதில்லை; மாலையில் மரைன் டிரைவில் காயலைப் பார்த்தபடி நடக்கலாம். ஃபோர்ட் கொச்சியிலோ பழைய வீடுகளே பெரும்பாலும் தங்கும் விடுதிகளாகவும் ஹோம்ஸ்டேக்களாகவும் மாறியிருக்கின்றன. அவற்றில் அழகும் உண்டு, செங்குத்தான மரப்படிகளும் உண்டு. ஆகவே முழங்கால் வலி உள்ளவர்கள் கீழ்த்தளத்து அறையைக் கேட்டு உறுதி செய்த பிறகே முன்பணம் கட்ட வேண்டும். வாடகையைப் பொறுத்தவரை இரண்டு கரைகளுக்கும் பொதுவான கணக்கு எதுவும் சொல்வதற்கில்லை; பருவத்தையும் அறையின் தரத்தையும் பொறுத்து எந்தப் பக்கமும் மலிவாகலாம்.

இவற்றையெல்லாம் தராசில் போட்டால் எர்ணாகுளம் சற்றுக் கனமாகவே தெரியும். ஆனால் எனக்குத் தீர்மானமான காரணமாகத் தோன்றுவது நடுப்பகல். கொச்சியின் புழுக்கத்தில் காலை பதினொரு மணிக்குமேல் பிற்பகல் மூன்றரை வரை வெளியே நடப்பது ஒரு தண்டனை. குளிர்காலம் என்று பெயர் பெற்ற மாதங்களில்கூட, வெயிலை விடக் காற்றிலுள்ள ஈரமே ஆளை அசத்திவிடுகிறது. எர்ணாகுளத்தில் தங்கியிருப்பவர் காலை உணவை முடித்து, படகுத்துறைக்கு வந்து, வரிசையில் நின்று, அக்கரை சேரும்போது ஏறத்தாழப் பத்து மணி ஆகியிருக்கும். சரியாக அவர் நடக்கத் தொடங்கும் நேரத்தில் வெயில் ஏறத் தொடங்கும். அறைக்குத் திரும்பிச் சற்றுப் படுத்து எழுந்து வரலாம் என்றால் நடுவில் காயல் இருக்கிறது. எனவே ஏதாவதொரு காபிக் கடையில் மின்விசிறிக்கு அடியில் நேரத்தைக் கடத்திவிட்டு, மாலை வெளிச்சம் அழகாகும் தறுவாயில் படகைப் பிடிக்க ஓடுவார். ஃபோர்ட் கொச்சியில் தங்கியிருப்பவருக்கோ விடியற்காலையும் அந்தியும் முழுதாகக் கிடைக்கின்றன. நடுப்பகலில் குளித்துவிட்டு ஒரு தூக்கமும் போடலாம்.

அந்த விடியற்காலையில் என்ன இருக்கிறது என்று கேட்டால், முதலில் சீனவலைகள். தேக்குக் கம்புகளில் கட்டிய பெரிய வலையை, கயிறுகளில் கோத்துத் தொங்கவிட்ட பாறாங்கற்களின் எடையைத் துணையாகக் கொண்டு, நாலைந்து பேர் சேர்ந்து இழுத்துத் தூக்குகிறார்கள். வலை மேலே வர வர அந்தக் கற்கள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கி நிற்பதைப் பக்கத்திலிருந்து பார்த்தால்தான் அதன் பொறிநுட்பம் புரியும். பகல் பத்து மணிக்குமேல் அதே இடத்தில் சுற்றுலாக் கூட்டமே மிகுதி. அங்கிருந்து சற்று நடந்தால், 1524-இல் கொச்சியில் இறந்த வாஸ்கோ ட காமாவை முதலில் அடக்கம் செய்த புனித பிரான்சிஸ் தேவாலயம் வரும். உடல் பின்னர் போர்ச்சுகலுக்குக் கொண்டுசெல்லப்பட்டுவிட்டதால் கல்லறை இடத்தைவிட என் கண்ணை ஈர்த்தது மேலே தொங்கும் துணி விசிறிகள்தான். அவற்றை வெளியே இருந்து ஆட்கள் கயிற்றால் இழுத்து ஆட்டுவார்களாம். இந்த ஊரின் புழுக்கத்துக்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்கள் தவறவிடக் கூடாத இன்னோர் இடம், வெளி என்ற பகுதியிலுள்ள தோபி கானா. டச்சுக்காரர் காலத்தில் தமிழகத்திலிருந்து கொண்டுவரப்பட்ட சலவைத் தொழிலாளர்களின் வழிவந்தவர்கள் இன்றும் அங்கே துவைக்கிறார்கள். கஞ்சி போட்ட துணியின் முனையை இரட்டைக் கயிற்றின் முறுக்குக்குள் செருகி, கிளிப் எதுவும் இல்லாமலே வரிசை வரிசையாக உலர்த்துகிறார்கள். வேலை சுறுசுறுப்பாக நடப்பதும் காலையில்தான். போகிறவர்கள் தொழிலுக்கு இடைஞ்சலாக நிற்காமல், படம் எடுப்பதற்கு முன் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது மரியாதை.

நாள் கணக்கும் இதே பக்கம்தான் சாய்கிறது. போர்ச்சுகீசியர் கட்டி, டச்சுக்காரர் செப்பனிட்டதால் டச்சு அரண்மனை என்று பெயர் பெற்ற மட்டாஞ்சேரி அரண்மனைக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. அருகிலுள்ள, 1568-இல் கட்டப்பட்ட பரதேசி யூத ஆலயத்தை வழக்கமாக வெள்ளி, சனி இரு நாளும் பார்வையாளர்களுக்குத் திறப்பதில்லை. மற்ற நாள்களிலும் அது நடுப்பகலில் சாத்தியிருக்கும். வெள்ளி இரவு கிளம்பிச் சனி காலை வந்து சேரும் நம்மவர்களுக்கு, இரண்டையும் சேர்த்துப் பார்க்க ஞாயிறு ஒன்றுதான் வாய்க்கும். தேவாலயங்களில் ஞாயிறு காலை ஆராதனை நடக்கும் என்பதால் அவற்றைச் சனிக்கிழமையே முடித்துவிட வேண்டும். ஆகவே சனியன்று ஃபோர்ட் கொச்சியில் தங்கி, ஞாயிறு காலை ஆட்டோவில் மட்டாஞ்சேரி போய், ராமாயணச் சுவரோவியங்களையும் யூத ஆலயத்தின் நீலநிறச் சீன ஓடுகளையும் மதியத்துக்குள் பார்த்துவிடுவது சிக்கல் இல்லாத ஏற்பாடு. எர்ணாகுளத்திலிருந்து வந்தும் இதைச் செய்யலாம். ஆனால் ஞாயிற்றுக்கிழமைப் படகு வரிசையை நம்பி ஒரு முற்பகலைப் பணயம் வைக்க வேண்டும்.

படகைப் பற்றிக் குறை சொல்வதாக எண்ண வேண்டாம். காயலைக் கடக்கும் அந்த இருபது நிமிடங்களே கொச்சிப் பயணத்தின் நல்ல பகுதிகளில் ஒன்று. கேரள அரசின் பழைய படகுகள் எர்ணாகுளம் படகுத்துறையிலிருந்து மிகக் குறைந்த கட்டணத்தில் செல்கின்றன. 2023-இல் தொடங்கிய வாட்டர் மெட்ரோவின் குளிரூட்டப்பட்ட மின்படகுகள், 2024 முதல் உயர்நீதிமன்றத் துறையிலிருந்து ஃபோர்ட் கொச்சிக்கும் வருகின்றன. காற்று முகத்தில் படவேண்டும் என்றால் பழைய படகு, குழந்தைகளோடும் பெட்டிகளோடும் போனால் வாட்டர் மெட்ரோ. விடுமுறை மாலைகளில் திரும்பும் கூட்டம் நீண்டு நிற்கும். எர்ணாகுளத்தில் தங்குபவர்கள் கடைசிப் படகின் நேரத்தை அன்றன்று விசாரித்து வைத்துக்கொள்வது அவசியம்.

கோவை வழியாகக் காரில் வருகிறவர்களுக்கு என் தீர்ப்பு அப்படியே பொருந்தாது. ஃபோர்ட் கொச்சியின் தெருக்கள் குறுகியவை; வண்டி நிறுத்த இடம் தராத வீடுகள் பல. காரை எர்ணாகுளத்தில் விட்டுவிட்டுப் படகில் போவதை விரும்பாதவர்கள், நிறுத்துமிடம் உள்ள விடுதியாகப் பார்த்துப் பதிவு செய்ய வேண்டும். ஆண்டு இறுதியின் கார்னிவல் இரவில் ஃபோர்ட் கொச்சி திணறும் அளவுக்குக் கூட்டம் சேரும் என்பதால், அமைதியை நாடுகிறவர்கள் அந்தத் தேதியையே தவிர்த்துவிடலாம். பினாலே என்னும் ஈராண்டுக் கலைக் கண்காட்சி நடக்கும் குளிர்கால மாதங்களிலும் அறைகளுக்குப் போட்டி அதிகம்.

நான் சொல்வதெல்லாம் குளிர்கால அனுபவத்தை வைத்துத்தான். ஜூன், ஜூலை மழையில் அங்கே தங்கியதில்லை. விடாமல் மழை கொட்டும் நாளில் மெட்ரோவும் பெரிய கடைகளும் பக்கத்தில் இருக்கும் எர்ணாகுளமே மேலாகத் தோன்றக்கூடும். கடலில் குளிப்பதுதான் நோக்கம் என்றால் இரண்டு கரையும் உதவாது. ஃபோர்ட் கொச்சிக் கடற்கரை கல்லும் ஆகாயத் தாமரையுமாகக் கிடக்கும் சிறு துண்டு. குளிக்க வைப்பின் தீவின் வடகோடியிலுள்ள செராய்க்குப் போக வேண்டும். திங்கள் விடியற்காலை ரயிலைப் பிடிக்க வேண்டியவர்கள் மட்டும், ஞாயிறு மாலை பெட்டியோடு படகேறி, அன்றிரவு எர்ணாகுளம் ரயில் நிலையத்துக்கு அருகில் அறை எடுத்துக்கொள்ளலாம்.